காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவது எப்படி? கொழும்பில் பைக் ஓடுபவர்களுக்கு

பைக் ஸ்லோவில், அதாவது அக்சிலேட்டரைத் திருகாமல் விடும்போது, ஓட்டம் நிலைக்காமல் அணைந்தால் பலர் முதலில் செய்வது, ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக் காபரேட்டரின் (பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் பாகம்) பக்கத்தில் இருக்கிற ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பதுதான். அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. போன மாதம்வரை ஒழுங்காக ஓடிய பைக்கின் ஸ்க்ரூ தானாக இடம் மாறியிருக்காது. அடைபட்டதோ, தேய்ந்ததோ, காற்று உள்ளே இழுப்பதோ வேறு எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு கோளாறு இரண்டாகும்.

2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய பைக்குகளே வருடக்கணக்காகக் கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் சி.டி.100, டிஸ்கவர், ஸ்ப்ளெண்டர், பழைய பல்சர், சி.டி.125 என்று காபரேட்டர் வைத்த பைக்குகளுக்கு இங்கே இன்னும் குறைவில்லை. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் மூலையில் நின்ற பைக்குகளும் அவற்றில் உண்டு. காபரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் பைக்குக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

கொழும்பு ஓட்டத்துக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிவரை காலி வீதியில் வேலை நேரத்தில் போகிறவர் அக்சிலேட்டரைக் கால்வாசிக்கு மேல் திறப்பது அரிது. அந்த அளவுக்குள் இயந்திரத்துக்குப் பெற்றோல் கொடுப்பது பெரும்பாலும் ஸ்லோ ஜெட்தான். ஜெட் என்பது பெற்றோலை அளந்து விடும், துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு. அதன் துளை 0.4 மில்லிமீற்றருக்கும் குறைவாக இருக்கும். மெயின் ஜெட்டின் துளை கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர். காய்ந்த பெற்றோலின் பிசின் முதலில் எதை அடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே கழுவும்போது உங்கள் நேரத்தில் பாதியை ஸ்லோ ஜெட்டுக்கும் அதன் வழிகளுக்கும் கொடுங்கள்.

கழற்றுவதற்கு முன்

காபரேட்டர் செய்யாத குற்றத்துக்கு அதைக் கழற்றுவதுதான் அதிகம் நடக்கிறது. கால் மணித்தியாலம் ஒதுக்கி இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

எயார் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கடதாசி ஃபில்டரில் வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். ஸ்பஞ்ச் ஃபில்டர் கையில் பொடியாக உதிர்ந்தால் அந்தப் பொடி காபரேட்டருக்குள்ளும் போயிருக்கும். பிளக்கைக் கழற்றி இடைவெளியைப் பாருங்கள். இந்த வகை பைக்குகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கவேண்டும். டெப்பட் (இயந்திரத்தின் வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) இடைவெளி மிக இறுகியிருந்தாலும் சூடானதும் ஸ்லோ நிற்காது. அதைக் காபரேட்டர் கோளாறு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர்.

பிறகு பெற்றோல் வரவு. காபரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுப் பெற்றோல் டெப்பைத் திறவுங்கள். தடையில்லாமல் ஒழுகவேண்டும். ஆரம்பத்தில் நன்றாக வந்து, பிறகு மெலிந்து சொட்டினால் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் ஓட்டம் கூடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் நின்று, சற்று ஆறியபின் ஸ்டார்ட் ஆகிற பைக்குகளில் இது அடிக்கடி காணும் காரணம். சில மொடல்களில் டெப், இயந்திரத்தின் உறிஞ்சலால் திறக்கும். அவற்றில் இயந்திரம் ஓடாமல் பெற்றோல் வராது.

இவை சரியென்றால் அறிகுறியை வாசிக்கலாம். சோக் (ஸ்டார்ட் பண்ணும்போது கலவையில் பெற்றோலைக் கூட்டும் அமைப்பு) போட்டால் மட்டும் ஓடி, சோக்கை எடுத்ததும் அணைந்தால் ஸ்லோ ஜெட் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு. சோக்கை இழுக்கும்போது ஓட்டம் தேறினால் பெற்றோல் குறைவு. இன்னும் மோசமானால் பெற்றோல் கூடுதல். இந்த ஒரு சோதனை பாதி வழியைக் காட்டிவிடும். அக்சிலேட்டரை விட்டபிறகும் ஆர்.பி.எம். (இயந்திரம் சுழலும் வேகம்) உடனே இறங்காமல் தொங்கி நின்றால் காற்றுக் கசிவையோ, இறுகிய கேபிளையோ சந்தேகியுங்கள். பிளக் கரிபிடித்து, பெற்றோல் மணத்தால் எரிபொருள் கூடுதல்.

காபரேட்டரின் அடியிலுள்ள பெற்றோல் கிண்ணத்தின் ஓவர்ஃப்ளோ குழாயால் பெற்றோல் சொட்டினால் ஃப்ளோட் ஊசி (ஃப்ளோட் என்ற மிதவை ஏறியதும் பெற்றோல் வரவை அடைக்கும் ஊசி) மூடவில்லை. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இரவு முழுக்க டெப் திறந்திருந்தால் கசிகிற பெற்றோல் இயந்திரத்துக்குள் இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கலாம். ஒயில் குச்சியை எடுத்து மணந்து பாருங்கள். மட்டம் ஏறியிருந்து பெற்றோல் மணமும் இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். ஒயிலை மாற்றியபின்தான் அடுத்த வேலை.

எந்த வகை காபரேட்டர்?

அக்சிலேட்டர் கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். காபரேட்டரின் தலை மூடிக்குள் நேராக இறங்கினால் அது ஸ்லைட் வகை. கேபிளே காபரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைத் தூக்குகிறது. சி.டி.100, ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் இதுதான். கேபிள் பக்கத்திலுள்ள சக்கரம் போன்ற பாகத்தைத் திருப்பினால் அது சி.வி. வகை. அதில் கேபிள் திறப்பது ஒரு தட்டு வால்வை மட்டும்; பிஸ்டனைத் தூக்குவது தலைமூடிக்குக் கீழே உள்ள மெல்லிய ரப்பர் டயப்ரம். காபரேட்டர் கொண்ட எஃப்.இசட்.16 இந்த வகை. கழுவும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் சி.வி. வகையில் அந்த ரப்பரைக் கண்போலப் பார்க்கவேண்டும்.

சாமான்கள்

8, 10, 12 நம்பர் சாவிகள், நுனிக்குறடு, இரண்டு மூன்று அளவில் தட்டை ஸ்க்ரூ ட்ரைவர், காபரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே ஒரு பேணி, பழைய பல் துலக்கும் பிரஷ், சிறு கிண்ணங்கள், வெள்ளைத் துணி, கண்ணாடி. கண்ணாடி என்றால் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. ஒரு துளைக்குள் அடிக்கும் ஸ்ப்ரே எதிர்பாராத இன்னொரு துளையால் நேரே கண்ணுக்குத்தான் வரும்.

நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். ஜப்பான் காபரேட்டர்களிலும் அவற்றின் இந்திய உரிமத் தயாரிப்புகளிலும் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர ஸ்க்ரூக்கள்தான் இருக்கும். பார்வைக்குச் சாதாரண ஃபிலிப்ஸ் போலவே இருக்கும். ஃபிலிப்ஸ் ட்ரைவரை வைத்துத் திருகினால் அது மேலே எழும்பித் தலையை உருட்டிவிடும். ஜே.ஐ.எஸ். ட்ரைவர் ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவல்ல. ஏற்கெனவே உருண்ட தலையென்றால் நுனிக்குறட்டால் பக்கவாட்டில் பிடித்து அசைத்துக் கழற்றி, பூட்டும்போது அதே அளவு அலன் தலை ஸ்க்ரூ போடுங்கள்.

வேலை செய்யும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு பரவும். தொடர்மாடிகளின் நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் செய்யவே கூடாது. பக்கத்தில் நுளம்புத்திரி, சாமி விளக்கு, காஸ் அடுப்பு எதுவும் எரியக்கூடாது.

கழற்றுதல்

டெப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அதைக் கொட்டிவிடாமல் ஐந்து நிமிடம் அப்படியே வையுங்கள். அடியில் தண்ணீர் முத்துகளாகத் தேங்கினால் தாங்கிக்குள் தண்ணீர் இருக்கிறது. செம்மண் நிறப் பொடி என்றால் தாங்கி துருப்பிடித்திருக்கிறது. இரண்டில் எது என்றாலும் தாங்கியைச் சுத்தம் செய்யாமல் காபரேட்டரை மட்டும் கழுவுவது ஒரு வாரத்து வேலைதான்.

குழாய்கள் எதெது எங்கே போகின்றன என்று கைபேசியில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எயார் பொக்ஸ் பக்கத்துக் கிளிப்பைத் தளர்த்தி, இயந்திரப் பக்கத்து இரண்டு நட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள். ஸ்லைட் வகையில் தலைமூடியைத் திருகித் திறந்து பிஸ்டனைக் கேபிளோடு மேலே இழுத்துக்கொள்ளலாம். அதைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் கட்டிவிடுங்கள். சி.வி. வகையில் கேபிளைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கவேண்டும். காபரேட்டர் வெளியே வந்ததும் இயந்திரத்தின் திறந்த வாயில் சுத்தமான துணி ஒன்றை அடையுங்கள். உள்ளே ஒரு சின்ன வொஷர் விழுந்தால் அது ஹெட் கழற்றும் வேலையாகிவிடும்.

காபரேட்டரைத் திறக்கும் முன் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவித் துடையுங்கள்.

இப்போது தலைகீழாகப் பிடித்துக் கிண்ணத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஃப்ளோட்டைத் தாங்கும் பின்னை ஒரு பக்கமாகத் தள்ளினால் வரும். வராவிட்டால் சுத்தியல் எடுக்காதீர்கள். பின்னைத் தாங்கும் இரு தூண்களும் வார்ப்பு அலுமினியம். ஒன்று உடைந்தால் காபரேட்டரே போய்விடும். ஸ்ப்ரே அடித்துப் பொறுத்திருந்து, சிறு ஆணியின் மழுங்கிய நுனியால் மெதுவாகத் தள்ளுங்கள். ஃப்ளோட்டோடு ஊசியும் தொங்கிக்கொண்டு வரும்.

நடுவில் இருப்பது மெயின் ஜெட். அதற்குப் பின்னால் பக்கவாட்டில் வரிசையாகத் துளையிட்ட எமல்ஷன் குழாய் இருக்கும். பக்கத்தில் ஆழமான குழிக்குள் ஒளிந்திருப்பது ஸ்லோ ஜெட். அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற அகலமுள்ள ட்ரைவர் மட்டுமே வேண்டும். சிறியதை வைத்துத் திருகினால் பித்தளை உதிர்ந்து வெட்டு அழிந்துவிடும். பிறகு அந்தக் குழிக்குள் குறடும் போகாது.

எயார் ஸ்க்ரூவை (ஸ்லோவில் பெற்றோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ) கழற்றும் முன் ஒரு கணக்கு. கடிகாரத் திசையில் மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் அடி தட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். தட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கினால் அதன் ஊசிமுனை துளைக்குள்ளேயே முறியும். பிறகு முழுதாகக் கழற்றினால் ஸ்பிரிங் வரும். பல காபரேட்டர்களில் அதன் பின்னால் கடுகளவு வொஷரும் ஓ-ரிங்கும் இருக்கும். அவை ஸ்க்ரூவோடு வராமல் துளைக்குள் ஒட்டியிருந்தால் வளைத்த மெல்லிய கம்பியால் எடுங்கள். அவற்றின் மேல் கிளீனர் அடித்தால் ஓ-ரிங் ஊதிக் கெட்டுப்போகும்.

பிஸ்டனிலிருந்து எமல்ஷன் குழாய்க்குள் இறங்கும் நீளமான நீடிலின் கிளிப் எந்த வெட்டில் இருக்கிறது என்று மேலிருந்து எண்ணிக் குறித்துவையுங்கள். சி.வி. டயப்ரத்தை விரித்து டோர்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசித் துளையளவு வெளிச்சம் தெரிந்தாலும் பிஸ்டன் முழுதாக ஏறாது. பைக் நடு வேகத்துக்கு மேல் இழுக்காது. ஒட்டுப்போட்டுப் பார்ப்பதால் பயனில்லை, மாற்றவேண்டியதுதான். டயப்ரத்தில் கிளீனர் படவே கூடாது. சவர்க்காரத் தண்ணீரால் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும்.

கழுவுதல்

ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களைத் தனியே எடுத்து வைத்தபின் ஜெட்டுகளையும் எமல்ஷன் குழாயையும் ஒரு சிறு மூடிப் போத்தலில் கிளீனருக்குள் ஊறவிடுங்கள். மாதக்கணக்கில் நின்ற பைக்கென்றால் ஒரு இரவு ஊறட்டும். காய்ந்து பச்சையாகப் படிந்த பிசின் அரை மணித்தியாலத்தில் கரையாது.

பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரியவேண்டும். பிறை போலவோ நட்சத்திரம் போலவோ தெரிந்தால் உள்ளே இன்னும் படிவு இருக்கிறது. ஊசி, குண்டூசி, ட்ரில் எதையும் விடாதீர்கள். 0.38 மி.மீ. துளையை உருக்கு ஊசியால் சுரண்டி 0.42 ஆக்கினால் பரப்பளவு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அப்புறம் எயார் ஸ்க்ரூ எந்த இடத்திலும் சரிவராது. மெல்லிய மின்வயரின் உள்ளே இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றைப் பிரித்தெடுத்து அதை மட்டும் பாவியுங்கள்.

பித்தளைக் குத்துவிளக்குத் தேய்க்கிற பழப்புளியிலும் தேசிக்காயிலும் காபரேட்டரை ஊறப்போடும் யோசனை யாரிடமாவது கேட்டிருப்பீர்கள். ஜெட்டுக்கு அது கொஞ்சம் வேலை செய்யலாம். உடலோ அலுமினிய-நாகக் கலவை. அமிலம் அதை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். கடற்கரைப் பக்கம் நிற்கும் பைக்குகளில் கிண்ணத்துக்குள் காணும் வெள்ளைப் பொடியும் அரிப்புத்தான். தண்ணீர் தேங்கியதால் வருவது. அதற்குச் சுடுதண்ணீரும் நைலோன் பிரஷும் போதும். கழுவியபின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வழிகளில் தங்காமல் ஊதிவிடவேண்டும்.

உடலில் எத்தனை துளை இருக்கிறதோ அத்தனைக்கும் ஒரு வெளிவாசல் உண்டு. ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை ஒவ்வொரு துளையிலும் வைத்து அடித்து, அது எங்கே வெளிவருகிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும். மிக முக்கியமானது ஸ்லோ ஜெட் உட்காரும் குழி. அதில் அடித்தால், காபரேட்டரின் பெரிய வாய்க்குள் பிஸ்டனுக்கோ தட்டு வால்வுக்கோ அருகே உள்ள ஊசித்துளைகளால் மெல்லிய பீச்சலாக வரவேண்டும். எயார் பொக்ஸ் பக்கத்து வாயின் ஓரத்தில் உள்ள சிறு காற்றுத் துளையிலிருந்தும் இதே வழிக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. அங்கிருந்தும் அடித்துப் பாருங்கள். ஒரு ஊசித்துளை மட்டும் வறண்டிருந்தால் மற்றவற்றை விரலால் மூடிக்கொண்டு அடியுங்கள்.

இதற்குப் பிறகு காற்று. ரயர் கடையில் ஒரு நிமிடம் காற்றுக் குழாயைக் கேட்டால் தருவார்கள். டயப்ரம், ஃப்ளோட் எதுவும் பூட்டாத வெறும் உடலை மட்டும் கொண்டுபோங்கள்.

ரிப்பேர் கிட்டில் எதை எடுப்பது

கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எந்தப் பழைய பைக்குக்கும் காபரேட்டர் கிட் கேட்டால் கிடைக்கும். பையைப் பிரித்து எல்லாவற்றையும் மாற்றிவிடத்தான் கை துடிக்கும். ஆனால் ரப்பரை எடுத்துக்கொண்டு பித்தளையை விட்டுவிடுவதுதான் நல்லது. கிண்ணத்து கஸ்கெட், ஓ-ரிங்குகள், ஃப்ளோட் ஊசி ஆகியவை புதிதாக இருக்கட்டும். ஜெட்டும் நீடிலும் பழையவையே இருக்கட்டும்.

காரணம் எளிது. ஒரிஜினல் ஜெட்டின் தலையில் இலக்கம் அடித்திருக்கும். துளையும் அந்த இலக்கத்துக்குச் சரியாக இருக்கும். மலிவுக் கிட்டில் வரும் ஜெட்டில் சிலவேளை இலக்கமே இருக்காது. இருந்தாலும் துளை அதற்கு ஏற்றதாக இருக்குமென்பது நிச்சயமில்லை. பித்தளை ஜெட் சாதாரண ஓட்டத்தில் அவ்வளவு சீக்கிரம் தேயாது. தேய்வது அதற்குள் ஏறி இறங்கும் நீடிலும் எமல்ஷன் குழாயின் மேல் துளையும்தான். அதுவும் பல பத்தாயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு. நீடிலை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள்; பளபளப்பான தட்டை விழுந்திருந்தால் அப்போது இரண்டையும் சேர்த்து ஒரிஜினலாக வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது மொடல் பெயரை மட்டும் நம்பாமல் பழைய ஊசியையும் ஓ-ரிங்கையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மொடலிலேயே வருடத்துக்கு வருடம் காபரேட்டர் மாறியிருக்கும். ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனையில் வட்டமான பள்ளம் விழுந்திருந்தால் மாற்றவேண்டும். மறுமுனையிலுள்ள சிறு ஸ்பிரிங் பின் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். புது ஊசி போட்டும் பெற்றோல் கசிந்தால் அது உட்காரும் வாயைப் பாருங்கள். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் பல் பசை தொட்டு அந்த வாயைச் சுழற்றித் தேய்த்துக் கழுவினால் பலவேளை சரிவரும்.

ஃப்ளோட் மட்டம்

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் சலசலத்தால் ஓட்டை இருக்கிறது. மாற்றுங்கள்.

மட்டத்தை அளக்கும்போது கஸ்கெட்டை எடுத்துவிட்டு, காபரேட்டரைச் சாய்த்துப் பிடியுங்கள். ஃப்ளோட்டின் உலோக நாக்கு ஊசியின் ஸ்பிரிங் பின்னைத் தொடவேண்டும், ஆனால் அழுத்தக்கூடாது. அந்த நிலையில் கிண்ணம் பொருந்தும் தளத்திலிருந்து ஃப்ளோட்டின் உச்சிவரை உள்ள தூரமே அளவு. முழுதாகத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டின் பாரம் ஸ்பிரிங்கை அமுக்கி அளவு பிழைக்கும். உங்கள் மொடலின் சேர்விஸ் மனுவலில் சரியான இலக்கம் இருக்கும். தூரம் கூடினால் பெற்றோல் மட்டம் இறங்கும், குறைந்தால் மட்டம் ஏறும்; முதல் தடவை செய்கிறவர்கள் இதைத்தான் மாற்றி விளங்கிக்கொள்கிறார்கள். உலோக நாக்கு உள்ளதை மயிரிழையளவு வளைத்துச் சரிசெய்யலாம். முழுதும் பிளாஸ்டிக்கான ஃப்ளோட்டை வளைக்க முடியாது. மட்டம் பிழைத்தால் ஊசியை அல்லது ஃப்ளோட்டையே மாற்றவேண்டும்.

பைக்கில் பூட்டும் முன் ஒரு சோதனை. பெற்றோல் வரும் வாயில் சுத்தமான குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள். நேராகப் பிடித்தால் காற்றுப் போகவேண்டும், தலைகீழாகப் பிடித்தால் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பூட்டிய பிறகும் ஒழுகத்தான் போகிறது.

பூட்டுதல்

ஜெட்டுகளை விரலால் முடிந்தவரை திருகி, பிறகு ட்ரைவரால் மிகக் கொஞ்சமாக இறுக்கினால் போதும். பித்தளை மென்மையானது, கழுத்தோடு முறிந்து உள்ளே நின்றுவிடும். எயார் ஸ்க்ரூவில் முதலில் ஸ்பிரிங், பிறகு வொஷர், கடைசியில் முனைப்பக்கம் ஓ-ரிங். வொஷர் விடுபட்டால் ஸ்பிரிங் ஓ-ரிங்கை அறுத்துவிடும். குறித்துவைத்த சுற்று எண்ணிக்கைக்கே திருப்பி வையுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் அடி தட்டியபின் ஒன்றரைச் சுற்று வெளியே.

ஸ்லைட் வகையில் பிஸ்டனின் அடியில் வெட்டப்பட்ட சரிவு எயார் பொக்ஸ் பக்கம் பார்க்கவேண்டும். பக்கவாட்டிலுள்ள நீளப் பள்ளம் உடலில் உள்ள சிறு முள்ளில் உட்காரவேண்டும். மாறிப்போனால் அக்சிலேட்டர் திறந்தே நிற்கும், ஸ்டார்ட் ஆனதும் இயந்திரம் அலறும். சி.வி. வகையில் டயப்ரத்தின் ஓரம் பள்ளத்தில் சுற்றிவர அமர்ந்திருக்கிறதா என்று பார்த்தபின் மூடியை இறுக்குங்கள். பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் அது மெதுவாக, தடையில்லாமல் இறங்கவேண்டும்.

இயந்திரத்தோடு சேரும் முகத்தைக் கவனியுங்கள். ஒரு உருக்கு அடிமட்டத்தை அதன்மேல் நிறுத்தி வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நட்டுகளை மிகையாக இறுக்கிய பைக்குகளில் காதுகள் வளைந்து நடுவில் இடைவெளி வந்திருக்கும். தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் 400 நம்பர் தண்ணீர்ச் சாண்ட் பேப்பரை வைத்து, எட்டுப் போடுவதுபோல் தேய்த்துச் சமமாக்கலாம். அங்கே புது ஓ-ரிங் போட்டு, இரண்டு நட்டுகளையும் மாறி மாறி இறுக்குங்கள். கஸ்கெட் பேஸ்ட் பூசவேண்டாம். பெற்றோலில் கரையும் வகையென்றால் உள்ளே போய் நீங்கள் கழுவிய துளைகளையே அடைக்கும்.

கேபிளில் 2 முதல் 6 மி.மீ. தளர்வு இருக்கட்டும். டெப்பைத் திறந்து சில நிமிடம் காத்திருங்கள். சொட்டில்லை என்று உறுதியானபிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

ஸ்லோவைச் சரிசெய்தல்

குளிர்ந்த இயந்திரத்தில் ட்யூன் செய்வது நேரத்தை வீணாக்குவதுதான். பத்து நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கி, சோக்கை முழுதாக எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இரண்டு ஸ்க்ரூக்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்லோ ஸ்க்ரூ பெரியது. பிஸ்டனையோ தட்டு வால்வையோ எவ்வளவு திறந்து வைப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கும். மற்றது கலவை ஸ்க்ரூ. அது எயார் பொக்ஸ் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது; உள்ளே திருகினால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடும். இயந்திரப் பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் பெற்றோல் குறையும். நம்மிடம் எல்லாருமே இந்த இரண்டு வகைக் கலவை ஸ்க்ரூவையும் ‘எயார் ஸ்க்ரூ’ என்றுதான் சொல்கிறார்கள். அதனால் பிறர் சொல்லும் ‘அரைச் சுற்றுத் திற’ என்ற ஆலோசனை உங்கள் பைக்கில் நேர் எதிராக வேலை செய்யலாம்.

1. ஸ்லோ ஸ்க்ரூவால் இயந்திரத்தை அணையாமல் சற்று உயர்வாக, ஒரே சீராக ஓடவிடுங்கள்.
2. கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி பொறுங்கள்; இயந்திரம் உடனே பதில் சொல்லாது. ஓட்டம் தடுமாறும் இடத்தைக் குறியுங்கள்.
3. அதேபோல் வெளியே திருகி, மறுபடி தடுமாறும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆர்.பி.எம். மிக உயர்ந்து நிற்கும் இடத்தில் விடுங்கள்.
4. ஸ்லோ ஸ்க்ரூவால் ஆர்.பி.எம்.மைக் கீழே கொண்டுவாருங்கள். பெரும்பாலான 100–150 சி.சி. பைக்குகளுக்கு 1,300 முதல் 1,500 வரை. பிறகு இரண்டாம் படியிலிருந்து இன்னொரு தடவை.

இப்போது அக்சிலேட்டரைச் சடாரென்று திறந்து விடுங்கள். தயங்கி விழுங்கினால் கலவையில் பெற்றோல் குறைவு. கலவை ஸ்க்ரூவைப் பெற்றோல் கூடும் பக்கமாக எட்டில் ஒரு சுற்று திருகுங்கள். ஆர்.பி.எம். இறங்கும்போது வழமையான ஸ்லோவுக்கும் கீழே போய் மெல்ல ஏறினால் பெற்றோல் கூடுதல். ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள், ஆர்.பி.எம். மாறினால் கேபிள் இறுகியிருக்கிறது.

கலவை ஸ்க்ரூவைத் திருகியும் ஒரு மாற்றமும் இல்லையா? ஸ்லோ வழி இன்னும் அடைபட்டிருக்கிறது, அல்லது ஸ்லோ ஸ்க்ரூவை மிகையாக ஏற்றிவைத்திருக்கிறீர்கள். முழுதாக மூடும் அளவுக்கு வந்தால்தான், அல்லது மூன்று சுற்றுக்கு மேல் திறந்தால்தான் நன்றாக ஓடுகிறது என்றாலும் ஜெட் மாற்ற ஓடாதீர்கள். ஃபில்டரும் சைலன்சரும் கம்பெனி தந்தவையே என்றால் ஜெட் அளவும் கம்பெனி தந்ததே போதும். காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஸ்ப்ரே போத்தலில் தண்ணீர் எடுத்து, ஸ்லோவில் ஓடும்போது காபரேட்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலுள்ள பொருத்துகளில் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். ஆர்.பி.எம். அசையும் இடத்தில்தான் கசிவு. சூடான இயந்திரத்தின்மேல் காபரேட்டர் கிளீனரை அடித்துச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். அது தீப்பிடிக்கும் சாமான்.

வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன் ‘கொஞ்சம் பெற்றோலைக் குறைத்துவிடுங்கள்’ என்று கேட்கும் வழக்கம் உண்டு. அப்படிக் குறைத்து அப்படியே ஓட்டினால் காலையில் ஸ்டார்ட் ஆவது கஷ்டம், அக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிச்சத்தம், நெரிசலில் சூடு. மேலே சொன்ன முறையில் வைத்த பைக் ஃபில்டரும் பிளக்கும் நல்லதாக இருந்தால் அந்தத் தந்திரம் இல்லாமலே தேறவேண்டும்.

வீதியில்

அக்சிலேட்டர் பிடியில் சிறு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் அடையாளம் போட்டால், கோளாறு வரும் இடத்தைக் கொண்டு குற்றவாளியைப் பிடிக்கலாம். கால்வாசிவரை ஸ்லோ ஜெட்டும் பிஸ்டனின் சரிவும். காலிலிருந்து முக்கால்வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். நீடில் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெற்றோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். கிளிப்புக்கு ஒரே வெட்டு மட்டும் உள்ள நீடிலும் உண்டு.

முழு அக்சிலேட்டரைக் கொழும்புக்குள் சோதிக்க இடமில்லை. அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியும் இல்லை. நெரிசலற்ற நேரத்தில் ஒரு ஏற்றத்தில், இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் முழுதாகத் திறந்தால் வேகம் கூடாமலே இயந்திரத்துக்குப் பாரம் கிடைக்கும். அங்கே மூச்சு முட்டி, அக்சிலேட்டரைக் கொஞ்சம் மூடியதும் தேறினால் மெயின் ஜெட்டுக்குப் பெற்றோல் போதவில்லை. ஜெட்டைச் சந்தேகிக்கும் முன் தாங்கி மூடியையும் டெப்பின் வலையையும் பாருங்கள்.

நுவரெலியாவுக்குப் போய் அங்கே பைக் மந்தமாக இழுத்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, கலவையில் பெற்றோல் கூடித்தான் இருக்கும். அங்கே சரிசெய்தால் கொழும்புக்கு இறங்கியதும் பெற்றோல் குறைந்து இயந்திரம் சூடேறும்.

வெள்ளம் தேங்கிய வீதியால் போனபின் மிஸ் அடித்தால் முதலில் ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்தைக் காலிசெய்து பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் பைக்கை நிறுத்திவைப்பதானால் டெப்பை மூடி அதே ஸ்க்ரூவால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். தாங்கியை மாத்திரம் நிரப்பி வையுங்கள். பாதி காலியான தாங்கியின் உட்சுவரில்தான் ஈரம் படிந்து துரு ஏறும்.